தாவர ஆல்கலாய்டுகள், புற்றுநோய், மலேரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் சமூக மன்றங்களிலும் கோயில் மண்டபங்களிலும் மருந்துகளைப் பற்றிப் பேசச் செல்லும் மருந்தாளர்களிடம் நம் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

ஆல்கலாய்டு என்றால் என்ன? மூலிகையில் மட்டும்தான் இருக்குமா?

காலையில் குடிக்கும் காப்பியில் இருக்கும் காஃபீன் ஓர் ஆல்கலாய்டுதான். புகையிலையின் நிக்கோட்டின், அபினியின் மார்ஃபின், மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின், பாக்கில் உள்ள அரெக்கோலின் எல்லாம் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நைட்ரஜன் அணுவைத் தம் கட்டமைப்பில் கொண்டவை, பெரும்பாலும் காரத்தன்மை உடையவை, நாக்கில் பட்டால் கசப்பவை என்று இவற்றைச் சுருக்கமாக விவரிக்கலாம்.

பூச்சிகளும் கால்நடைகளும் தின்றுவிடாமல் தற்காத்துக்கொள்ளவே பல செடிகள் இவற்றைச் சுரக்கின்றன. நம்மைக் குணப்படுத்துவதற்காக எந்தச் செடியும் இவற்றைத் தயாரிப்பதில்லை. உயிரணுவின் பிளவையோ நரம்பின் செய்தியையோ மிகச் சிறிய அளவிலேயே தடுத்துவிடும் ஆற்றல் இவற்றுக்கு இருப்பதால்தான், நஞ்சாகவும் மருந்தாகவும் இவை பயன்படுகின்றன. எது எப்போது மருந்தாகிறது என்பதுதான் கீழே வரும் எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படை.

எங்கள் வீட்டு வாசலில் தொட்டியில் வளரும் நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் தாழ்வாரத்தில் இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் ஐந்து இதழ்களோடு பூத்து நிற்கும் அதே செடிதான். மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். மடகாஸ்கர் தீவைப் பூர்வீகமாகக் கொண்ட இது வெப்பநாடுகள் முழுவதும் பரவிவிட்டது.

கண்டுபிடிப்பின் கதை வேறொரு நோயில் தொடங்குகிறது. ஜமைக்காவில் இந்த இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடித்து வந்தார்கள். 1952இல் சில இலைகள் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் நோபிளின் கைக்கு அவருடைய அண்ணன் கிளார்க் நோபிள் வழியாக வந்து சேர்ந்தன. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை குறைவதாகத் தெரியவில்லை. ஆனால், சாற்றை ஊசி வழியாகச் செலுத்திய எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன, எலும்பு மஜ்ஜை நலிந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவக்கூடும் என்று நோபிளும் சார்ல்ஸ் பீர் என்ற வேதியியலாளரும் கருதி, வின்பிளாஸ்டின் என்று இன்று நாம் அழைக்கும் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். அமெரிக்காவின் ஈலாய் லில்லி (Eli Lilly) என்ற மருந்து நிறுவனமும் அதே செடியைத் தனியாக ஆராய்ந்துகொண்டிருந்தது; அங்கிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஓர் உயிரணு இரண்டாகப் பிளக்கும்போது, இரட்டிப்பான குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்ல நுண்குழாய்கள் உருவாக வேண்டும். அந்தக் குழாய்களைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தோடு இந்த ஆல்கலாய்டுகள் ஒட்டிக்கொண்டு குழாய் எழும்பாமல் செய்துவிடுகின்றன. பிளவு பாதியிலேயே நின்றுபோக, உயிரணு மடிகிறது. புற்றணுக்கள் ஓயாமல் பிளப்பவை என்பதால் அடி அவற்றுக்கே அதிகமாக விழுகிறது.

அப்படியானால் அந்த இலையையே கொதிக்கவைத்துக் குடித்தால் என்ன?

வேண்டாம். சற்று விரிவாகவே காரணம் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே குடிக்கத் தொடங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை தேவைப்படுகிறது. பெரியவர் ஒருவருக்கு ஒருமுறை செலுத்தும் அளவு சுமார் 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஓர் ஊசிக்கு 5 கிலோ காய்ந்த இலை வேண்டும். குவளையில் போடும் ஒரு பிடி இலையில் அந்த மருந்து இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இருக்கும் சிறிதளவும் குடல் வழியாக ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை; மருத்துவமனையில் ரத்தக் குழாய்க்குள் செலுத்துவது அதனால்தான்.

மருந்து சேராது, சரி. ஆனால் வேறு பொருள்கள் சேரும். நித்தியகல்யாணியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. வேரில் உள்ள அஜ்மாலிசின் ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தக்கூடியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்ளும் அறுபது வயதுக்காரர் ஒருவர் தினமும் இதைக் குடித்தால் தலைச்சுற்றலும் வாந்தியும் வர வாய்ப்புண்டு, கீமோதெரபியின் பயன் வர வாய்ப்பில்லை. கருவுற்றிருப்பவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது.

சிறு பிள்ளைகளுக்கு வின்கிறிஸ்டின் கொடுக்கிறார்களே, அவ்வளவு வீரியமான மருந்து தாங்குமா?

பிள்ளைகளுக்கு வரும் கடுமையான லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கு (சுருக்கமாக ஏஎல்எல்) இன்றும் வின்கிறிஸ்டின் தவிர்க்க முடியாத மருந்து. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு, எவ்வளவு பெரிய உடலானாலும் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. ஒரு சிட்டிகை உப்பைவிடவும் மிகக் குறைந்த இந்த அளவுதான் ஒரு வாரத்துக்கான மருந்து. அதைச் சிறிய உப்புநீர்ப் பையில் கலந்து, ரத்தக் குழாயில் மட்டுமே செலுத்த வேண்டும், வேறு வழியில் செலுத்தினால் உயிர்போகும் என்ற எச்சரிக்கைச் சீட்டை ஒட்டித்தான் வார்டுக்கு அனுப்புவார்கள். முதுகுத்தண்டு நீருக்குள் தவறிச் சென்றால் மரணம் என்பது வெறும் அச்சுறுத்தலன்று; பல நாடுகளில் அப்படி நேர்ந்திருப்பதால்தான், ஊசிக்குழலுக்குப் பதிலாகப் பையைப் பயன்படுத்துமாறு உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது.

பக்கவிளைவுகளில் முக்கியமானது நரம்புப் பாதிப்பு. நரம்புகளின் நீண்ட இழைகளிலும் நுண்குழாய்கள் இருப்பதால் விரல்நுனி மரத்துப்போகும், மலச்சிக்கல் வரும், தாடை வலிக்கும், சில பிள்ளைகளுக்குப் பாதம் தொங்கி நடை தடுமாறும். பெரும்பாலும் மருந்தின் அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ மெல்ல மெல்லச் சரியாகிவிடும் என்றாலும், பிள்ளை சட்டைப் பொத்தானைப் போடச் சிரமப்பட்டால்கூட மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகள் இணைந்து நடத்திய ‘மா-ஸ்போர் ஏஎல்எல் 2003’ சிகிச்சைத் திட்டத்தில், தொடக்கச் சிகிச்சைக்குப் பின் உடலில் எஞ்சியிருக்கும் புற்றணுக்களை அளந்து பார்த்து, யாருக்கு மருந்தைக் கூட்டலாம், யாருக்குக் குறைக்கலாம் என்று பிரித்தார்கள். பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். 1950களில் இதே நோய் கண்ட பிள்ளைகள் பெரும்பாலும் சில மாதங்களே தாங்கினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். அந்த வெற்றி பல மருந்துகள் சேர்ந்து தந்தது. நித்தியகல்யாணியின் பங்கு அவற்றுள் ஒன்று.

வேறு எந்தத் தாவரங்களிலிருந்து புற்றுநோய் மருந்துகள் கிடைத்துள்ளன?

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1960 முதல் 1982 வரை ஏறத்தாழ 35,000 தாவர மாதிரிகளைச் சோதித்தது. அத்தனையிலிருந்தும் பெரிய மருந்துகளாக எழுந்தவை இரண்டு வழிகளில் வந்தவைதாம்: ஒன்று காம்ப்டோதெசின், மற்றொன்று பாக்லிடாக்செல். இரண்டையும் அடையாளம் கண்டவர்கள் மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற அதே இரு ஆய்வாளர்கள்.

காம்ப்டோதெசின் சீனாவின் ஒரு மரத்திலிருந்து 1966இல் அறிவிக்கப்பட்ட ஆல்கலாய்டு. டிஎன்ஏ இழையின் முறுக்கை அவிழ்க்க உதவும் டோப்போஐசோமரேஸ் என்ற நொதியை அது பிடித்து நிறுத்திவிடும். நேரடியாகக் கொடுத்துப் பார்த்த தொடக்கச் சோதனைகளில் சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு போன்ற கடும் விளைவுகள் ஏற்பட்டதால் அதைக் கைவிட்டார்கள். பின்னர் மூலக்கூறைச் சிறிது மாற்றி, நீரில் கரையும்படி செய்த டோப்போடிகேனும் இரினோடிகேனும் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இன்று பெருங்குடல் புற்றுநோய்க்கு இரினோடிகேன் பரவலாகப் பயன்படுகிறது. கிழக்காசியர்களிடையே அதிகம் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் இம்மருந்தை உடல் வெளியேற்றுவதை மந்தமாக்குவதால், நம் வட்டாரத்தில் மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்போது மருத்துவர்கள் அதையும் கருதுகிறார்கள்.

நம்மவர்கள் அதிகம் அறியாத ஒரு பகுதி இதில் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டஸ் என்ற சிறு மரத்தில் காம்ப்டோதெசின் செறிவாக இருப்பதை 1972இல் வெளியிட்டவர்கள், அப்போது பம்பாயின் சிபா ஆய்வு மையத்தில் பணியாற்றிய வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் உழைத்த என். விசுவநாதனும். அதன் பிறகு அந்த மரத்துக்குப் போதாத காலம்: ஏற்றுமதிக்காகக் கண்டபடி வெட்டப்பட்டு, பல இடங்களில் அருகிப்போனது.

பாக்லிடாக்செல் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. சூலகப் புற்றுநோய்க்கு 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் அடிப்படை அமைப்பு டெர்பீன் வகை என்பதால் சரியான ஆல்கலாய்டு என்று சொல்வதற்கில்லை, போலி ஆல்கலாய்டு என்று சிலர் வகைப்படுத்துவார்கள். பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும் என்ற சிக்கலை, ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் கிடைக்கும் மூலப்பொருளிலிருந்து மருந்தைத் தயாரிக்கும் முறை தீர்த்துவைத்தது. இவை தவிர, செஃபலோடாக்சஸ் மரத்தின் ஆல்கலாய்டிலிருந்து வந்த ஓமாசிடாக்சின் என்ற மருந்து நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

செங்காந்தள் கிழங்கும் புற்றுநோயைத் தீர்க்கும் என்கிறார்களே?

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் கொல்கிசின் என்ற ஆல்கலாய்டு உள்ளது. அதுவும் டியூபுலினைத்தான் பிடிக்கிறது, ஆகவே தாளில் எழுதிப் பார்த்தால் புற்றுநோய் மருந்துபோலவே தெரியும். ஆனால் புற்றணுவைக் கொல்லத் தேவையான அளவில் அது மனிதரையும் கொன்றுவிடும்; கீல்வாதத்துக்கு மிகக் குறைந்த அளவில் தரப்படுவதோடு அதன் மருத்துவப் பயன் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கலப்பைக்கிழங்கு என்றும் அழைக்கப்படும் இக்கிழங்கைத் தின்று இறந்தவர்களின் எண்ணிக்கை தமிழகத்து நஞ்சுச் சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் எவருக்கும் புதிதன்று. தோட்டத்தில் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல்.

மலேரியாவுக்குத் தாவர மருந்து எப்படி வந்தது?

தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டை 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. பட்டைத்தூளைத் திராட்சை மதுவில் கலந்து குடித்தார்கள்; ஒரு பட்டையில் மருந்து அதிகம், மற்றொன்றில் ஒன்றுமில்லை என்ற நிலையில், சிலர் பிழைத்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. 1820இல் பாரிசில் பெல்லத்தியே, கவான்டூ என்ற இரு மருந்தாளர்கள் பட்டையிலிருந்து குயினைனைத் தனியாகப் பிரித்தெடுத்த பிறகுதான் இத்தனை கிராம் கொடுத்தால் இன்ன விளைவு என்று கணக்கிட முடிந்தது. மருந்தியலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

அதன் பிறகு வந்தது மரத்துக்கான போட்டி. பிரிட்டிஷார் 1860களில் நீலகிரியில் சின்கோனாத் தோட்டங்களைப் போட்டார்கள். நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலை இயங்கியது. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. ஆனால் குயினைன் செறிந்த விதை வேறொருவர் கைக்குப் போயிற்று. பொலிவியாவைச் சேர்ந்த மனுவேல் இன்கிரா மமானி என்ற பழங்குடியினர் திரட்டிய விதைகளைச் சார்ல்ஸ் லெட்ஜர் என்ற வணிகர் 1865இல் அனுப்ப, டச்சுக்காரர்கள் அவற்றை வாங்கி ஜாவாவில் நட்டார்கள். மமானி பொலிவிய அதிகாரிகளிடம் அடிபட்டு இறந்தார். மரத்தின் அறிவியல் பெயரில் நிற்பது லெட்ஜர். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகக் குயினைனின் பெரும்பங்கு ஜாவாவிலிருந்தே வந்தது. 1942இல் சிங்கப்பூரை அடுத்து ஜாவாவும் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது நேச நாடுகளுக்குக் குயினைன் வரத்து அற்றுப்போக, செயற்கை மருந்துகளுக்கான தேடல் அவசரமாக முடுக்கிவிடப்பட்டது.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் காடு வெட்டிய நம் முன்னோர்கள் மலேரியாவால் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். தோட்டத்து மருத்துவமனையில் ஊற்றிக் கொடுத்த கசப்புத் தண்ணீரைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசினால் அது பெரும்பாலும் குயினைனாகத்தான் இருக்கும்.

செயல்படும் விதம் எளிது. மலேரியாக் கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்றபின் எஞ்சும் ஹீம் அதற்கே நஞ்சு என்பதால் அதைப் படிகமாக்கி ஒதுக்கிவைக்கிறது. படிகமாக விடாமல் குயினைன் தடுக்க, கிருமி தன் கழிவாலேயே சாகிறது.

இன்றும் குயினைனைத்தான் கொடுக்கிறார்களா?

முதல் தேர்வாக இல்லை. காதில் இரைச்சல், தலைவலி, ரத்தச் சர்க்கரை சரிவது, இதயத் துடிப்பு மாறுவது போன்ற தொல்லைகள் அதற்கு உண்டு. தென்கிழக்காசியாவில் தீவிர மலேரியா நோயாளிகளிடம் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு 2005இல் வெளிவந்தபோது, குயினைன் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினரும் ஆர்ட்டெசுனேட் ஊசி பெற்றவர்களில் 15 விழுக்காட்டினரும் இறந்திருந்தது தெரிந்தது. அதன் பிறகு, ஆர்ட்டெமிசினின் என்ற தாவரப் பொருளிலிருந்து செய்யப்படும் இந்த ஆர்ட்டெசுனேட் ஊசியே முன்னுக்கு வந்தது.

ஆர்ட்டெமிசினின் ஓர் ஆல்கலாய்டா?

இல்லை, அதில் நைட்ரஜனே கிடையாது. சீன மாசிப்பச்சை வகையிலிருந்து அதைக் கண்டறிந்த து யூயூ 2015இல் நோபெல் பரிசு பெற்றார். நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹோங் இலையைக் கொதிக்கவைக்கச் சொல்லாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்து, வெப்பம் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு பிரித்தார். பழைய ஏடு வழிகாட்டியது உண்மை. அதைச் சோதித்து, திருத்தி, அளந்த பிறகே மருந்தாயிற்று.

டானிக் வாட்டர் குடித்தால் மலேரியா வராதா?

வராது என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்க விதிப்படி ஒரு லிட்டரில் 83 மில்லிகிராம் குயினைனுக்கு மேல் இருக்கக் கூடாது. சிகிச்சைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,800 மில்லிகிராம் தேவை. இருபது லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும்.

சிங்கப்பூரில்தான் மலேரியா ஒழிந்துவிட்டதே, இதெல்லாம் நமக்கு எதற்கு?

உலகச் சுகாதார நிறுவனம் 1982 நவம்பரில் சிங்கப்பூரை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் அதைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு இங்கிருந்து முற்றிலும் போய்விடவில்லை. இந்தியா, இந்தோனீசியா, ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய்த் திரும்புவோர் நோயோடு வருவதும் நிற்கவில்லை. காட்டுப் பகுதியில் பயிற்சி பெற்ற ராணுவ வீரர் ஒருவருக்கு 2007இல் குரங்குகளிடமிருந்து பரவும் நோலசி வகை மலேரியா கண்டறியப்பட்டது. சரவாக்கில் பல்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் 2004இல் இவ்வகை மனிதர்களிடம் பரவலாக இருப்பதை வெளிக்கொணர்ந்திருக்காவிட்டால் வேறு வகை என்று நினைத்துவிட்டிருப்பார்கள்.

ஊருக்குப் போய் வந்து காய்ச்சல் கண்டால், போன இடத்தையும் தேதியையும் பலதுறை மருந்தகத்தில் முதலிலேயே சொல்லுங்கள். டெங்கி என்றே எல்லாரும் எண்ணிக்கொள்ளும் ஊர் இது. நிலவேம்புக் குடிநீரைக் குடித்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருப்பது மிக ஆபத்தான ஃபால்சிபாரம் வகை மலேரியாவில் உயிரை வாங்கிவிடும்.

புதிய மலேரியா மருந்துக்கான ஆய்வு இங்கே நடக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் பெருமைப்படத்தக்க அளவில். பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் இயங்கிய நோவார்ட்டிஸ் வெப்பமண்டல நோய் ஆய்வுக் கழகமும் அதன் கூட்டாளிகளும், இயற்கைப் பொருள்களும் அவற்றின் சாயலில் செய்யப்பட்டவையுமாகச் சுமார் 12,000 சேர்மங்களை மலேரியாக் கிருமியின்மேல் சோதித்து, ஸ்பைரோஇன்டோலோன் என்ற வகையைக் கண்டுபிடித்து 2010இல் வெளியிட்டார்கள். வின்கிறிஸ்டினில் இருக்கும் இண்டோல் வளையம் இதன் கட்டமைப்பிலும் இருக்கிறது. ஆனால் இது செடியிலிருந்து எடுத்ததன்று, வேதியியலாளர்கள் தாமே கட்டியது. கிருமி தன் உடலிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளும் பம்பை இது அடைத்துவிடுகிறது. இவ்வகையிலிருந்து வந்த சிப்பர்காமின், நோயாளிகளின் ரத்தத்திலிருந்து கிருமிகளை விரைவாக அகற்றியதால், தீவிர மலேரியாவுக்கான மருத்துவச் சோதனைகளுக்கு முன்னேறியது. மீகோங் வட்டாரத்தில் ஆர்ட்டெமிசினினுக்குக் கிருமி ஓரளவு எதிர்ப்புப் பெற்றுவிட்ட நிலையில் இப்படிப்பட்ட மாற்று வழிகள் அவசியம்.

‘இந்த மூலிகை புற்றணுக்களை 24 மணி நேரத்தில் கொன்றது’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை எப்படிப் பார்ப்பது?

கண்ணாடித் தட்டில் வளரும் புற்றணுவின்மேல் துணி வெளுக்கும் திரவத்தை ஊற்றினாலும் அது சாகும். கேட்க வேண்டியவை வேறு. அந்த அளவு மருந்து மனித ரத்தத்தில் எட்டுமா? ஈரல் அதை முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுமா? நலமான அணுக்கள் எத்தனை சாகின்றன? விலங்கில் பலித்ததா, மனிதரிடம் ஒப்பீட்டுச் சோதனை நடந்ததா? மேற்கு ஆப்பிரிக்காவில் மலேரியாவுக்குப் பயன்படும் ஒரு செடியின் கிரிப்டோலெபின், சீனர்கள் காய்ச்சலுக்குப் பயன்படுத்திய ஒரு செடியின் ஃபெப்ரிஃபியூஜின் ஆகிய இரண்டு ஆல்கலாய்டுகளும் தட்டில் கிருமியைத் திறம்படக் கொல்கின்றன. முன்னது டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்வதால் நம் அணுக்களுக்கும் ஆபத்து. பின்னது கடும் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்குகிறது. இரண்டையும் மாற்றியமைக்கும் முயற்சி பல ஆண்டுகளாக நடக்கிறது, அவ்வளவுதான்.

மரமஞ்சள், சீந்தில் கொடுக்கலாமா? பிறந்த குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று பாட்டி சொல்கிறார்.

மரமஞ்சள் துண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே பளீரென்று மஞ்சளாக இருக்கும். அந்த நிறம் பெர்பெரின் என்ற ஆல்கலாய்டால் வருவது. ஆய்வகத்தில் இது மலேரியாக் கிருமியையும் சில புற்றணுக்களையும் தடுத்திருக்கிறது, வாய்வழியாக மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது.

பிறந்த குழந்தை விஷயத்தில் சிங்கப்பூருக்கென்றே ஒரு வரலாறு உண்டு. இங்கே ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகள் கணிசமாகப் பிறக்கிறார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் எளிதில் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றும், மூளை பாதிக்கப்படும். 1965 முதல் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதித்து வருகிறார்கள். சீன மூலிகையான ஹுவாங்லியனில் உள்ள பெர்பெரின் காமாலையைக் கூட்டுகிறது என்ற அச்சத்தில் 1978இல் பெர்பெரினுக்குத் தடை வந்தது. 2010களில்தான் படிப்படியாகத் தளர்த்தினார்கள். தடை தளர்ந்துவிட்டதால் பச்சிளங்குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று பொருளில்லை. பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆனால் கொடுக்காதீர்கள். வைவாக்ஸ் வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து திரும்பவும் வராமல் தடுக்கத் தரும் பிரிமாகுயினுக்கு முன்பும் இதே ஜி6பிடி சோதனைதான் செய்யப்படுகிறது என்பதால், உங்கள் அட்டையில் அக்குறைபாடு பதிவாகியிருந்தால் அதை எப்போதும் நினைவில் வைத்திருங்கள்.

சீந்திலைப் பொறுத்தவரை, கோவிட் காலத்தில் நோயெதிர்ப்புக்காக அதைத் தொடர்ந்து குடித்த சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கீமோதெரபியே ஈரலுக்குப் பாரம். அதன்மேல் இதையும் ஏற்ற வேண்டாம்.

கீமோதெரபி நடக்கும்போது மிளகு ரசம் சாப்பிடலாமா?

ரசம் தாராளமாகச் சாப்பிடலாம். மிளகின் பைப்பரின் ஈரல் நொதிகளைத் தடுத்து வேறு பொருள்களின் அளவை ரத்தத்தில் உயர்த்தும் என்பது உண்மைதான். பெங்களூரில் நடந்து 1998இல் வெளிவந்த ஆய்வில், மஞ்சளின் குர்குமினை 20 மில்லிகிராம் பைப்பரினோடு கொடுத்தபோது ரத்தத்தில் அது பல மடங்கு கூடியது. கவலை சமையலைப் பற்றியதன்று, பைப்பரின் செறிவூட்டிய மாத்திரைகளைப் பற்றியது. வின்கிறிஸ்டினைச் சிதைக்கும் நொதிக் குடும்பத்தைப் பூஞ்சை மருந்துகள் சில தடுக்கும்போது நரம்புப் பாதிப்பு கடுமையாவதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அதே நொதியைத் தொடும் எந்த மாத்திரையையும் சொந்தமாகச் சேர்த்துக்கொள்வது வீண் சூதாட்டம்.

முள்சீத்தா இலை?

மலாய்க்காரர்கள் துரியான் பெலாண்டா என்று அழைக்கும் இந்தப் பழத்தை எப்போதாவது உண்பதில் தவறில்லை. இலைக் கஷாயத்தால் புற்றுநோய் குணமானதற்கு மனிதரிடம் சான்று இல்லை. பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக உட்கொள்ளும் குவாதலூப் தீவில் பார்க்கின்சன் நோயை ஒத்த நரம்புக் கோளாறு அதிகமாகக் காணப்பட்டதை ஆய்வாளர்கள் இதனோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள்.

தாவரப் பொருள்களாலேயே புற்றுநோய் வருமா?

வரும். நம் திருமணத் தாம்பாளத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பாக்கை, புகையிலை சேர்க்காவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை வகைப்படுத்தியுள்ளது. அதன் அரெக்கோலின் வாயின் உட்புறத்தை இறுகச்செய்து, வாயை அகலத் திறக்க முடியாத நிலைக்குக் கொண்டுவரும். அங்கிருந்து புற்றுநோய் தொடங்கலாம். தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பது வேறு, நாள்தோறும் மெல்வது வேறு.

ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்குகிறது. இதைச் சிங்கப்பூர் 2004இல் தடை செய்தது. சிங்கப்பூர், தைவான் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தைவானின் 98 ஈரல் புற்றுக்கட்டிகளில் 78 விழுக்காட்டில் இந்த அமிலம் விட்டுச்சென்ற மரபணுத் தடம் தெரிந்தது. தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்றவற்றில் இருக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகளோ ஈரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. ‘இயற்கைதானே, பக்கவிளைவு இருக்காது’ என்று கடைக்காரர் சொன்னால் இவற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

தேக்காவில் வாங்கும் நாட்டுமருந்துக்கு அரசு அனுமதி உண்டா?

சுகாதார அறிவியல் ஆணையம் சீனத் தயாரிப்பு மருந்துகளை விற்பனைக்கு முன்பே பட்டியலிட வைக்கிறது. சித்த, ஆயுர்வேதப் பொருள்களுக்கு அத்தகைய முன்னனுமதி இல்லை. அவை பாதுகாப்பாக இருப்பதற்கும், நச்சு உலோகங்களும் கலப்பட மருந்துகளும் இல்லாதிருப்பதற்கும் விற்பவரே பொறுப்பு. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய மருந்துச் சட்டம் இடந்தராது; அப்படி ஒரு துண்டறிக்கை கையில் கிடைத்தால் அதுவே எச்சரிக்கை.

மூலிகை சாப்பிடுவதை மருத்துவரிடம் சொன்னால் திட்டுவாரே?

திட்டினாலும் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள் விற்கப்படுகின்றன. பொட்டலத்தையோ புட்டியையோ அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பொடியாக இருந்தால் சிறிது மிச்சம் வையுங்கள். எப்போது தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கீமோதெரபி நாளன்று மருத்துவரைப் பார்க்கும் நேரம் குறைவாக இருந்தால், மருந்து கலக்கும் பிரிவின் மருந்தாளரைப் பார்க்க வேண்டுமென்று தாதியிடம் கேளுங்கள்; தமிழில் பேச ஆள் தேவை என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடலாம். ஊசி ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.